தெறிப்பு

செப்புக் கோடு ஒன்று பலகையில் வருகிறது. இரண்டாகப் பிரிகிறது.

வரும் கோடு 50 ஓம். அகலம் 3 மில்லிமீட்டர். பிரிந்த கைகள் அதில் பாதியளவுக்கு மெலிகின்றன. மெலிந்ததும் 70.7 ஓம்.

கைகளின் நீளம் கால் அலை. 3 கிகாஹேர்ட்சுக்கு வெற்றுவெளியில் 25 மில்லிமீட்டர். இந்தப் பலகையில் அலை மெதுவாகப் போகிறது. 14 போதும்.

சுபஹுப் பாங்கு ஓய்ந்திருக்கிறது. கல்முனைத் தெருவில் இன்னும் ஆள் இல்லை.

*

ஏர்னெஸ்ட் வில்கின்சன், 1960. கைகள் முடியும் இரு வாய்களுக்கும் நடுவே 100 ஓம் தடையி ஒன்றை வைக்கிறார்.

இரு பக்கமும் சமமாக இருக்கும்போது தடையியின் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம். அதனூடே எதுவும் ஓடுவதில்லை.

ஒரு வாயிலிருந்து அலை திரும்பினால் மட்டும் அதற்கு வேலை. திரும்பியதில் பாதியை வாங்கிச் சூடாகிறது. மறுபாதி வந்த வழியே போகிறது. பக்கத்து வாய்க்கு ஒன்றும் போவதில்லை.

இதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மனம் சற்று நிற்கிறது.

*

ஒரு கால் அலை ஒரு மீடிறனுக்கே பொருந்துகிறது. விலக விலகத் தெறிப்பு.

1968இல் சீமோர் கோன் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தடையி. ஒரே தாவலாக இல்லாமல் படிப்படியான ஏற்றம். பட்டை அகல்கிறது.

அளவுகருவியின் திரையில் தெறிப்பின் கோடு இறங்குகிறது. மறை 20 டெசிபெல். நூறில் ஒரு பங்கு திரும்புகிறது.

அந்த ஒரு பங்கைப் பார்த்தபடி இருக்கிறேன்.

*

மருதமுனைத் தறியில் நாடா போகிறது, வருகிறது.

நார் லேசருக்குள் ஒளியும் அப்படித்தான். இரு முனையிலும் பிராக் கிரேட்டிங். ஒன்று ஏறக்குறைய முழுவதையும் திருப்புகிறது. மற்றது கொஞ்சம் திருப்பி, மிச்சத்தை வெளியே விடுகிறது. ஒவ்வொரு போக்குவரத்திலும் ஒளி வளர்கிறது.

இங்கே திரும்பி வருவதுதான் உயிர்.

*

நாரின் கண்ணாடிக்குள் இட்டெர்பியம். 976 நானோமீட்டர் ஒளி உள்ளே போகிறது. 1070 வெளியே வருகிறது. இடையில் நூறில் ஒன்பது பங்கு வெப்பம்.

நார் நீளம். நார் மெலிவு. வெப்பத்துக்கு வெளியேற இடம் இருக்கிறது.

உள்மையம் 20 மைக்ரோமீட்டர், தலைமயிரைவிடக் குறுகல். அதில் ஒரு கிலோவாட் போனால் சதுர மில்லிமீட்டருக்கு 30 லட்சம் வாட்.

எண்ணை எழுதுகிறேன். கை தானாக நிற்கிறது.

*

ஒரே நாரிலிருந்து 1.36 கிலோவாட். சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களின் கட்டுரை 2004 டிசம்பரில் வெளியாகிறது.

அதே டிசம்பர், 26ஆம் திகதி. இந்தக் கரையில் சுனாமி.

இரண்டும் ஒரே மாதத்தில் கிடக்கின்றன. ஒன்றோடொன்று சேரவில்லை.

*

ஒலுவிலில் 2012இலிருந்து பொறியியல் பீடம். கடற்கரை வீதி பஸ்ஸில் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அவர்கள் படிப்பதில் இந்த மின்காந்த அலைகளும் உண்டு.

எனக்கு அது பெரிய விசயம்.

*

செப்புத் தகடு. ஒரு மைக்ரோமீட்டர் ஒளியில் பெரும்பங்கை அது திருப்பிவிடுகிறது. வெட்டப் போன லேசர் ஒளி நாருக்குள் திரும்பி நுழைந்தால் நார் கருகும். அதற்காக ஒரு வழித் தடுப்பு. போகலாம். வர முடியாது.

பலகையிலும் செப்பு. அங்கே அது அலைக்கு வழி.

*

பலகையைத் திருப்பிப் போடுகிறேன். இப்போது இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. இரு பெருக்கிகளின் வலு ஒன்றாகிறது. தடையியில் ஒன்றுமில்லை.

ஒரு பெருக்கியை அணைக்கிறேன்.

மற்றதின் வலுவில் பாதிதான் வெளியே வருகிறது. மறுபாதி தடையியில்.

இந்தத் தடையி எத்தனை வாட் தாங்கும்? தரவுத்தாளைத் தேடுகிறேன்.