பயன் கருதா ஆட்டமும் விளைவின் பொறுப்பும்

செயலைச் செய்பவர் அதன் பயனுக்கு உரிமை கோரலாகாது என்னும் நிட்காமிய கருமம், அதாவது தனக்கென எதையும் வேண்டாமல் கடமையாற்றும் நெறி, பகவத்கீதையின் மையக் கருத்துகளுள் ஒன்றாகும். வெற்றியை நாடியே ஆடப்படும் விளையாட்டுக்கு இந்நெறி பொருந்துமா என்னும் வினாவை ஆராய, அமெரிக்கப் பிரேக் லைனிங் ஆலையொன்றின் ஆதரவில் தோன்றிய மகளிர் அணியின் வரலாறு துணைசெய்கிறது. 

கனெக்டிகட் மாநிலத்து ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில், ரேபெஸ்டாஸ் நிறுவனத்தின் சார்பில் 1947-இல் தொடங்கப்பட்ட ‘பிரேக்கெட்ஸ்’ அணி, பேஸ்பாலைவிடப் பெரிய பந்தைக் கீழ்க்கை வீச்சில் மிக விரைவாக எறியும் ‘ஃபாஸ்ட்பிட்ச்’ சாஃப்ட்பாலை ஆடியது. ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத அமெச்சூர் வீராங்கனைகளைக் கொண்ட அவ்வணி, 1958-இல் முதல் தேசியப் பட்டத்தை வென்று, 1971 முதல் 1978 வரை எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் அதைத் தக்கவைத்துக்கொண்டது. 1965-இல் மெல்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியில் அமெரிக்காவுக்காக ஆடி, இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற அவ்வணி, 1974-இல் ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே உலகப் பட்டத்தை வென்றது.

வெல்லும் முனைப்பு இல்லாமல் ஆடுபவர் எதிரணியையும் ஆட்டத்தையும் அவமதிக்கிறார் என்பதால், அம்முனைப்பைச் செயலைச் செவ்வனே செய்வதன் கூறாகவே கொள்ள வேண்டும். துறக்க வேண்டியது ஆட்டத்துக்கு வெளியே கிடைக்கும் ஆதாயத்தின் மீதுள்ள பற்றையே. ஊதியத்தை நீக்கிவிட்டால் மட்டும் பற்று அற்றுவிடாது. புகழும் ஒரு பயனே.

ஆயினும் பயனைத் துறப்பது விளைவைப் புறக்கணிப்பதன்று. அவ்வணி நெடுங்காலம் ஆடிய ரேபெஸ்டாஸ் நினைவுத் திடலில், கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸும் ஈயமும் கலந்த ஆலைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. 1989-இல் ஆலை மூடப்பட்டது. 1995-இல் அவ்விடம் அமெரிக்க அரசு முதன்மையாகத் தூய்மைப்படுத்த வேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அணியோ வேறு திடலில் ஆட்டத்தைத் தொடர்ந்தது.

இங்கே சைவ சித்தாந்தம் தெளிவு தருகிறது. படைத்தல், காத்தல், அழித்தல் முதலிய இறைச்செயல்களைத் திருவிளையாட்டு என்று கூறும் மரபை எடுத்துரைக்கும் உமாபதி சிவாசாரியார், 14-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவப்பிரகாசத்தில், அவை உயிர்களைத் துன்பக்கடலிலிருந்து எடுத்து அருளும்பொருட்டே நிகழ்கின்றன என்று விளக்குகிறார். எனவே, தன்பொருட்டு ஏதும் வேண்டாமையும் பிறர்பொருட்டு எல்லாவற்றையும் கருதுதலும் ஒன்றுகூடும்போதே விளையாட்டு அதன் முழுப்பொருளை அடைகிறது. ஆடுபவர் பயனைத் துறக்கலாம். ஆடுகளம் அமைப்பவர் அக்களத்து மண்ணுக்கான பொறுப்பை ஒருபோதும் துறக்கலாகாது.