பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் கையெழுத்து



பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் கச்சேரிக்குப் போனால் ‘வாதாபி கணபதிம்’ எப்படியும் காதில் விழும். அதன் கடைசி வரியைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே இரண்டு முத்திரைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று ‘குருகுஹ’. முருகனின் பெயர். பாடலை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் இதைத்தான் தம் கையெழுத்தாக வைத்தார். திருத்தணியில் முருகன் அருள் கிடைத்த பிறகே பாடத் தொடங்கினார் என்பது மரபு. மற்றொன்று ‘ஹம்ஸத்வனி’. பாட்டின் ராகமும் அதுதான். அந்த ராகத்தை உருவாக்கியவர் அவருடைய அப்பா, ராமசுவாமி தீட்சிதர்.

யோசித்துப் பாருங்கள். தெய்வத்துக்கு இடம் இருக்கு, அப்பாவின் ராகத்துக்கு இடம் இருக்கு. தமக்கென்று தனியாக ஓர் இடம் அவர் கேட்கவில்லை. தியாகராஜர் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். அதுவும் திருவாரூர் ஈசனின் பெயர்தான்!

நான் பொறியியல் மாணவன். குரூப் புரோஜெக்ட் முடிந்தாலே, யார் பெயர் முதலில் என்றுதான் சண்டை வரும். கோயில் தொண்டிலும் அப்படித்தான். பேனரில் பெயர் விட்டுப்போனால், அடுத்த வருஷம் ஆளைக் காணோம். பெயர் போடுவது பாவமில்லை. ஆனால் பெயர் இல்லை என்பதற்காகத் தொண்டு நின்றுவிடலாமா?

தைப்பூசம் முடிந்து பத்துமலையில் குப்பை பொறுக்கும் கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. முருகனுக்குத் தெரியும். அடுத்த முறை தொண்டு முடிந்ததும், படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால், மனதுக்குள் ‘குருகுஹா’ என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள். தீட்சிதர் 1835-இல் மறைந்தார். அவர் பாட்டு இன்னும் நம்ம ஊரில் ஒலிக்கிறது.