பொத்தானும் நிமித்தகாரணமும்

அசைபட மென்பொருளில் அமைக்கப்பட்ட ஒரு பொத்தானை அழுத்தியதும் அதன் நிறம் சிவப்பாக மாறுகிறதென்றால், அந்த மாற்றத்துக்கு அழுத்தம்தான் காரணமா என்பது, தொழில்நுட்பத்தைக் காட்டிலும் காரண காரிய விசாரணைக்கு உரிய கேள்வியாகும். ஃபிளாஷ் என்று பெயர்பெற்று 2016 முதல் அடோபி அனிமேட் என வழங்கும் மென்பொருளில், பொத்தான் என்பது நான்கு சட்டகங்களால், அதாவது தனித்தனியே வரையப்பட்ட நான்கு நிலைகளால் ஆனது. முதலாவது, சும்மா இருக்கும் நிலை. இரண்டாவது, சுட்டி மேலே வந்து நிற்கும் நிலை. மூன்றாவது, அழுத்தப்பட்ட நிலை. நான்காவதான தொடுபரப்பு திரையில் ஒருபோதும் தோன்றுவதில்லை. எந்த இடத்தில் சுட்டி பட்டால் பொத்தான் அதை உணர வேண்டும் என்ற எல்லையை மட்டும் அது வகுக்கிறது. முதல் மூன்றையும் வெறுமையாக விட்டு நான்காவதை மட்டும் வரைந்தாலும் பொத்தான் இயங்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத பொத்தான்களை இம்முறையில் அமைப்பது இத்துறையில் வழக்கம்.

அழுத்தம் இங்கே எதையும் வரைவதில்லை என்பதும், சிவப்பு நிறம் மூன்றாம் சட்டகத்தில் முன்னமே இருக்கிறது என்பதும், அழுத்தம் வந்தால் அச்சட்டகத்தைக் காட்டு என்ற விதியே இவ்விரண்டையும் இணைக்கிறது என்பதும் கருதத்தக்கவை. அமைத்தவர் நினைத்திருந்தால் நீலம் வந்திருக்கும். எதுவுமே வராமலும் இருந்திருக்கும். பஞ்சை நெருப்பு தொடுவதற்கும் பஞ்சு எரிவதற்கும் இடையே தவிர்க்க முடியாத தொடர்பு எதுவும் இல்லை, எரிதலை உண்டாக்குபவன் இறைவனே என்று இமாம் கஸ்ஸாலி (1058–1111) தத்துவவாதிகளை மறுத்தெழுதிய நூலில் வாதிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் இறைவனைத் துணைக்கு அழைக்காமலே, ஒன்றை அடுத்து ஒன்று வருவதைத்தான் நாம் காண்கிறோமேயன்றி ஒன்று மற்றொன்றை விளைவிக்கும் ஆற்றலைக் காண்பதில்லை என்றார். இயற்கை உலகைப் பற்றிய இக்கூற்றுகளை ஏற்கலாம், மறுக்கலாம். பொத்தானின் சிற்றுலகில் அவை அப்படியே பொருந்திவிடுகின்றன என்று முதல் பார்வையில் தோன்றுகிறது.

இந்தப் பொருத்தத்தைக் கலைப்பது சோதனை என்னும் செயலாகும். விதியைத் தானே வகுத்தவர் அது நிறைவேறுகிறதா என்று எதற்காக அழுத்திப் பார்க்க வேண்டும்? 'முகப்பு' என்ற சொல்லையே பொத்தானாக்கி, தொடுபரப்பில் அச்சொல்லை முழுதும் மூடும் ஒரு செவ்வகத்தை வரைய மறந்துவிட்டால், எழுத்துக் கோடுகள் மட்டுமே சுட்டியை உணரும். பகரத்தின் உள்ளே திறந்திருக்கும் வெளியில் சுட்டி நழுவியதும் பொத்தான் உணர்விழந்துவிடும். அமைத்தவர் இதை விரும்பவில்லை, கட்டளையிடவும் இல்லை. ஆனாலும் அவர் வரைந்ததிலிருந்தும் மென்பொருளின் இயல்பிலிருந்தும் அது விளைந்தது. கஸ்ஸாலி கூறும் இறைவனுக்கு இத்தகைய எதிர்பாராமை நேர வழியே இல்லை, ஏனெனில் அவனுடைய விருப்பத்துக்கு வெளியே தனக்கென இயல்புடைய பொருள் எதுவும் அங்கே கிடையாது. சோதித்துப் பார்க்கும் கட்டாயம் உள்ளவர், தம்மால் படைக்கப்படாத ஒன்றைக் கொண்டு வேலை செய்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே பொத்தானுக்குச் சைவ சித்தாந்தத்தின் காரணப் பாகுபாடே நெருங்கி வருகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று விளக்கும் அம்மரபு, உலகுக்கு மாயை முதற்காரணம், சிவசக்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம் என்று கொள்கிறது. மாயையோ சிவனால் படைக்கப்பட்டதன்று, அநாதியானது. காரியம் தோன்றுமுன் காரணத்தில் உள்ளது என்னும் சற்காரியவாதத்தையும் இம்மரபு ஏற்பதால், மூன்றாம் சட்டகத்தில் காத்திருக்கும் சிவப்பை அது எளிதில் விளக்கிவிடும். உவமை எல்லா இடத்திலும் நிற்காது என்பதும் உண்மை: குயவன் சுட்ட குடத்தைத் தட்டிப் பார்க்கிறான், முற்றறிவுடைய சிவன் அப்படிச் செய்வதாகச் சித்தாந்தி ஒருநாளும் ஒப்பமாட்டார்.

இன்னொரு வேறுபாடு மென்பொருளின் பட்டியல் ஒன்றிலேயே தெரிகிறது. எளிய பொத்தான்களை இயங்கச் செய்யும் தெரிவை அதில் இட்டால், வரையும் மேடையிலேயே பொத்தான் சுட்டிக்கு மறுமொழி தரத் தொடங்கும். ஆனால் அப்போது அதைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்க இயலாது, ஏனெனில் சொடுக்கு இப்போது படைப்பவரின் கருவியாக இல்லாமல் பயனரின் அழுத்தமாகிவிடுகிறது. திருத்த வேண்டுமானால் அத்தெரிவை எடுத்துவிடுவதே வழக்கம். ஒருவர் இரு நிலைகளிலும் மாறி மாறி நிற்கலாமேயன்றி, ஒரே சொடுக்கில் இரண்டாகவும் நிற்க முடியாது. இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் ஒருசேர நிற்கிறான் என்று சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டாரின் வழியினர் அத்துவிதம் என்ற சொல்லுக்குப் பொருள் கொண்டபோது, இவ்வாறு மாறி நிற்க நேராத ஒரு நிமித்தகாரணத்தையே அவர்கள் கருதினர்.