ஜன்னலோரம் யாருக்கு?

அந்நியர்களிடம் நாம் நேர்மையாக நடந்துகொள்கிறோம். வேண்டியவர்களிடம் அன்பாக நடந்துகொள்கிறோம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், அன்புதான் என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு கேள்வி நிற்கிறது. அன்பு வந்து சேர்ந்த வீட்டிலிருந்து நேர்மை விடைபெற்றுக்கொண்டு போய்விடலாமா? 'நமக்குள் என்ன கணக்கு?' என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சு எப்போதும் பெருந்தன்மையிலிருந்துதான் பிறக்கிறதா?

இந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்தது சிசிலித் தீவில், ஓர் உல்லாசப் பிரயாண பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது.

மத்தியதரைக் கடல் தீவுகளுள் எல்லாவற்றிலும் பெரியது சிசிலி. அதன் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வடக்கே பலெர்மோ நகரில் புறப்பட்ட எங்கள் பஸ், கோயிலை வலம் வருவதுபோல அந்தத் தீவை வலமாகச் சுற்றி வந்தது. ஆகையால் பெரும்பாலும் கடல் எங்களுக்கு இடப்பக்கத்திலும், மலை வலப்பக்கத்திலும் இருந்தன. மெஸ்ஸினாவிலிருந்து தெற்கே கட்டானியாவுக்குப் போகும் சாலையில் இது ஒரு பெரிய சங்கடமாகிவிடும். இடப்பக்கம் இருப்பவர்களுக்கு நீலக் கடல். வலப்பக்கம் இருப்பவர்களுக்கு 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எட்னா எரிமலை, அதன் உச்சியில் புகை. இரண்டையும் முழுவதாகப் பார்த்தவர் பஸ்ஸில் ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்ட சங்கடங்களை எதிர்பார்த்துத்தான் எங்கள் வழிகாட்டிப் பெண் முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் எல்லோரும் இரண்டு வரிசை நகர்ந்து உட்கார வேண்டும். முன்னால் இருந்தவர் பின்னால் போவார்; இடப்பக்கம் இருந்தவர் ஒருநாள் வலப்பக்கம் வருவார். யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாத நாற்பது பேர், ஒரு காகிதத்தில் எழுதியிருந்த வரிசைப்படி, சண்டை சச்சரவு இல்லாமல் ஒரு தீவின் அழகைப் பங்கிட்டுக்கொண்டோம்.

ஆனால் அந்தச் சட்டம் ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. எந்த வரிசை யாருக்கு என்று அது சொல்லிற்று. அந்த வரிசையில் இருக்கும் இரண்டு ஆசனங்களில் ஜன்னலோரம் யாருக்கு, நடைவழிப் பக்கம் யாருக்கு என்று அது சொல்லவில்லை. அது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அங்கே சட்டம் நுழைவது அநாகரிகம் அல்லவா?

எனக்கு முன் வரிசையில் வட இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். இருவருக்கும் வயது எழுபதை ஒட்டி இருக்கும். கணவர் நல்லவர், மனைவியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார், படி இறங்கும்போது கை கொடுப்பார். ஆனால் ஜன்னலோரம் எப்போதும் அவருக்குத்தான். வரிசை மாறிற்று, பக்கம் மாறிற்று. அது மட்டும் மாறவில்லை. அந்த அம்மையார் கடலைக் கணவரின் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தார். ஒருநாள் பிற்பகல், சாலை வளைந்து கடலோரமாக இறங்கும் மிக அழகான இடத்தில், கணவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மையார் அவரை எழுப்பவுமில்லை, எட்டிப் பார்க்கவுமில்லை. அவருடைய கண்ணில் வெயில் படுகிறது என்று திரையைப் பாதி இழுத்துவிட்டார்.

அக்ரிஜென்டோவில் பஸ் நின்றது. அங்கே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கோயில் ஒன்று ஏறக்குறைய முழு உருவத்தோடு நிற்கிறது. பிற்காலத்தில் அதை மாதாகோயிலாக மாற்றிக்கொண்டதால் அது இடிபடாமல் தப்பிற்று. 'கன்கார்டியா', அதாவது ஒற்றுமை, என்று அதற்குப் பெயர். ஆனால் அந்தப் பெயர் பக்கத்தில் கிடைத்த ஒரு லத்தீன் கல்வெட்டை வைத்துப் பிற்காலத்தார் சூட்டியது. உள்ளே எந்தத் தெய்வம் குடியிருந்தது என்பது எவருக்கும் தெரியாது. வெளியே ஒற்றுமை என்று பெயர். உள்ளே இருந்தது யார் என்று தெரியாது. பல குடும்பங்களுக்கும் இந்த வர்ணனை பொருந்தும்.

கணவர் படம் எடுக்கப் போய்விட்டார். அம்மையார் ஒலிவ மரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில், "உங்களுக்கு ஜன்னலோரம் பிடிக்காதோ?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். கலியாணமான முதல் வருஷம் ரெயிலில் போனபோது, கணவர் குழந்தையைப்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் கூச்சமில்லாமல் உட்காரட்டும் என்று, "எனக்கு ஜன்னலோரம் தலை சுற்றும், நீங்கள் இருங்கள்" என்று இவர் சொல்லிவிட்டாராம். அவர் நம்பிவிட்டார். இன்று வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். யாராவது கேட்டால், "பாவம், அவளுக்குத் தலை சுற்றும்" என்று அனுதாபத்தோடு சொல்வார்.

இதில் குற்றவாளி யார்? கணவர் பறித்துக்கொள்ளவில்லை. மனைவி ஏமாற்றப்படவில்லை. ஒரு சின்னஞ்சிறு அன்பு, ஒரு பொய்யாக வெளிவந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வீட்டின் சட்டமாக இருந்துவிட்டது. அநியாயம் செய்கிறவர் யாரும் இல்லாமலே அநியாயம் நடக்க முடியும் என்பதை அன்று நான் கண்டேன். கணவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நான் அல்ல.

தமிழில் 'முறை' என்று ஒரு சொல் இருக்கிறது. 'இது உன் முறை' என்றால் வரிசை. 'முறை செய்தான்' என்றால் நீதி. 'அவர் உனக்கு என்ன முறை?' என்றால் உறவு. வரிசையும் நீதியும் உறவும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கும். உறவு வந்துவிட்டால் மற்ற இரண்டும் வேண்டாம் என்று நாம் நினைக்கிறோம். சொல் அப்படி நினைக்கவில்லை.

ஜன்னலோரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று வாசகர்கள் புன்னகை செய்யலாம். அது அற்ப விஷயந்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அற்பமல்லாத விஷயங்களும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கின்றன. அதற்கும் அந்தத் தீவே சாட்சி.

சிசிலியின் நடுவே மலைகளுக்கு இடையில் பெர்குசா என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செபொனி என்ற கன்னியைப் பாதாள உலகின் அரசன் தேரில் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்பது பழைய புராணம். அவளுடைய தாய் டிமீட்டர் விளைச்சலுக்குத் தெய்வம். மகளைத் தேடி அலைந்த அவள் கோபத்தில் பூமி விளைய மறுத்தது. கடைசியில் தேவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: ஆண்டில் ஒரு பகுதி கணவனோடு பாதாளத்தில், மறு பகுதி தாயோடு பூமியில். அவள் மேலே வரும்போது வசந்தம். கீழே போகும்போது தரிசு. இதுவும் ஒரு முறைப் பங்கீடுதான். ஆனால் கதையில் எல்லோரும் பேசுகிறார்கள்; தாய் பேசுகிறாள், தேவர்கள் பேசுகிறார்கள். 'உனக்கு என்ன விருப்பம்?' என்று பெர்செபொனியை ஒருவரும் கேட்கவில்லை. அவன் அவளைத் தூக்கிப் போனதை 'மனைவி' என்ற சொல் மூடிவிட்டது.

புராணம் புராணத்தோடு முடியவில்லை. பிரயாணத்தின் கடைசி நாள் பலெர்மோவுக்குத் திரும்பும் சாலையில் அல்காமோ என்ற ஊரின் பெயர்ப்பலகை தெரிந்தது. 1965 டிசம்பர் 26-ஆம் தேதி அந்த ஊரில் பிராங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண்ணை, முன்பு அவளுக்கு நிச்சயம் செய்யப்பட்டு விலக்கப்பட்ட ஒருவன், ஆட்களோடு வந்து தூக்கிச் சென்று ஒரு வாரம் அடைத்துவைத்துக் கெடுத்தான். அப்போது இத்தாலியில் ஒரு சட்டம் இருந்தது. 1930-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 544-ஆம் பிரிவு அது. கெடுத்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் குற்றம் அழிந்துவிடும். ஊரும் அதையே எதிர்பார்த்தது. அவள் மாட்டேன் என்றாள். மகளுக்குத் துணையாகத் தந்தையும் நின்றார். வழக்கு 1966-இல் ட்ரபானி நீதிமன்றத்தில் நடந்து, அவன் தண்டிக்கப்பட்டான். 1968-இல் அவள் தன் மனத்துக்கு இசைந்த வேறொருவரை மணந்துகொண்டாள். அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க 1981 வரை ஆயிற்று. குடும்பத்துக்குக் கணவனே தலைவன் என்ற விதி அதற்குச் சற்று முன்பு, 1975-இல், நீங்கியது.

அந்த ஆங்கிலக் கணவரையும் இந்தக் கொடியவனையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. வைத்தால் அது மகா பாவம். ஒருவர் அன்பானவர், மற்றவன் குற்றவாளி. நான் சொல்வது ஒன்றே ஒன்று. 'உறவு' என்ற சொல்லுக்குள் நுழைந்ததும் நீதி தேவையில்லை என்று ஒரு சமூகம் நம்பிவிட்டால், அந்த நம்பிக்கை நல்லவர் வீட்டில் சின்ன அநீதியாக இருக்கும். கெட்டவன் கையில் பெரிய ஆயுதமாகிவிடும். பிராங்கா வியோலா மறுத்தது அந்த ஒரு மனிதனை மட்டுமல்ல. 'உறவாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற எண்ணத்தையே அவள் மறுத்தாள்.

அப்படியானால் வீட்டுக்குள்ளும் பஸ்ஸில் போட்டதுபோல ஒரு பட்டியல் போட்டு ஒட்டிவிடலாமா? இன்று ஜன்னல் உனக்கு, நாளை எனக்கு. இன்று காபி நான் போட்டேன், நாளை நீ போடு என்று? அப்படி ஒரு வீட்டை நினைத்தால் மூச்சு முட்டுகிறது. மனைவி விட்டுக்கொடுத்ததில் ஓர் அழகு இருக்கிறது. அதைப் பட்டியல் கொன்றுவிடும். கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அது அன்பாகாது என்பதும் உண்மை. கணக்கே இல்லாத அன்பில் ஒருவரே எப்போதும் கொடுத்துக்கொண்டிருப்பார் என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே வழி இல்லையா?

இருக்கிறது என்றே நினைக்கிறேன். கணக்கு வேண்டும், ஆனால் அதை வைத்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொடுத்தவர் கணக்கு வைத்தால் அது கடனாகிவிடும். பெற்றவர் கணக்கு வைத்தால் அது நன்றியாகும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. பெற்றவர் மறந்துவிடுகிறார், கொடுத்தவர் வாய் திறக்காமல் நினைவில் வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் கழித்து, சம்பந்தமில்லாத ஒரு சண்டையில், அந்தப் பழைய கணக்கெல்லாம் வட்டியோடு வெளியே வருகிறது.

கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அந்த அம்மையார், "எனக்கும் ஆசைதான், ஆனாலும் நீங்கள் இருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். கணவர் அப்போதும் உட்கார்ந்திருப்பார். ஆனால் தாம் பெற்றது இன்னதென்று தெரிந்து உட்கார்ந்திருப்பார். விலையை மறைத்துக் கொடுக்கும்போது, பெறுகிறவர் நல்லவராக இருப்பதற்குரிய வாய்ப்பையும் நாம் பறித்துவிடுகிறோம்.

அந்நியர்களின் வரிசை, காகிதத்தில் எழுதிவிட்டால் தானே நகரும். உறவின் முறை தானே நகராது. யாராவது கேட்டால்தான் நகரும். "இன்று நீ உட்காருகிறாயா?" என்று அவ்வப்போது கேட்பதற்கு அதிகச் செலவு ஒன்றும் இல்லை. கேட்கப்பட்டவர், "வேண்டாம், நீங்களே இருங்கள்" என்று மறுபடியும் சொல்லக்கூடும். பாதகமில்லை. அது முதல் வருஷத்தில் சொன்ன பழைய பதிலாக இராது. இன்று சொன்ன பதிலாக இருக்கும்.