பிறர் பாவமும் நம் ஜீவனமும்

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு நண்பரின் வீட்டுக் கூடத்தில், சென்ற வைகாசி மாதத்து மாலைப் பொழுதொன்றில், என் அபிப்பிராயத்துக்காக ஒரு தாள் என் முன்னே வைக்கப்பட்டது. பட்டப்படிப்பை முடித்த அவருடைய மகள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலை படிக்க ஆசைப்பட்டாள். தகப்பனார் தாளின் நடுவே கோடு கிழித்து, இடப் பக்கத்தில் கட்டணம், புத்தகம், போக்குவரத்து, இரண்டு ஆண்டுகள் வேலைக்குப் போகாததால் இழக்கும் சம்பளம் ஆகியவற்றை வரிசையாக எழுதியிருந்தார். வரவுக்கு உரிய வலப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஊஞ்சலில் அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பாட்டியோ வேறொரு கேள்வி கேட்டாள்: “ஏண்டி குழந்தே, பிறத்தியார் பண்ற பாவத்தைப் படிச்சுத்தான் நாம சாப்பிடணுமா?”

தகப்பனாரின் கேள்வியை லௌகிகம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. புருஷார்த்தங்களில் பொருளும் ஒன்று. கடனில் மூழ்கிய குடும்பத்தில் தர்மம் தழைப்பது கடினம். ஆகவே உள்ளதை உள்ளபடி சொன்னேன். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். நீதிமன்றத்தில் வாதாடச் சட்டப் பட்டம் வேண்டும். 1849-ல் ரசாயனப் பரிசோதகர் அலுவலகமாகத் தோன்றி, இன்று காமராஜர் சாலையில் இயங்கும் தடய அறிவியல் துறை, பெரும்பாலும் விஞ்ஞானம் படித்தவர்களையே நாடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்று விதித்திருப்பதும் அவர்களுக்கே அனுகூலம். குற்றவியல் படித்தவருக்கு உரியவை நன்னடத்தை அலுவலர் பதவி, சிறார் இல்லப் பணி, பாதிக்கப்பட்டோருக்குத் துணை நிற்கும் தொண்டு நிறுவனங்கள் போன்றவை; இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தில் இந்தக் காத்திருப்பைத் தாங்கலாம். வட்டிக்கு லட்சக்கணக்கில் வாங்கித் தனியார் கல்லூரியில் இதே பட்டத்தைப் பெறுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பாட்டியின் கேள்வியோ இதைவிட ஆழமானது. அவரவர் வினையை அவரவரே அனுபவிக்கிறார்கள் என்றால், அந்த வினையை விசாரித்து ஜீவனம் நடத்துகிறவரிடம் அதன் கறை ஒட்டாதா? மகாபாரதத்தின் வனபர்வத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. தன் கோபத்தால் ஒரு கொக்கைச் சாம்பலாக்கிய கௌசிகர் என்னும் தபஸ்வி, ஓர் இல்லத்தரசியின் சொற்படி மிதிலைக்குச் சென்று தர்மோபதேசம் பெற்றது மாமிசக் கடையில் அமர்ந்திருந்த தர்மவியாதனிடத்தில்தான். 1897-ல் நம் கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் தங்கிச் சென்ற விவேகானந்தரும், கர்மயோகத்தை விளக்குகையில் இக்கதையையே எடுத்துச் சொல்லியிருக்கிறார். கறை தொழிலில் இல்லை, அதைச் செய்கிற மனத்தில்தான் இருக்கிறது என்பதே அதன் தாத்பரியம்.

கௌடில்யர் வித்யைகளை நான்காக வகுத்து, தண்டநீதியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். தண்டம் கடுமையானால் ஜனங்கள் வெறுப்பார்கள், மிருதுவானால் மதிக்கமாட்டார்கள் என்பது அவருடைய நிர்ணயம். அந்த அளவை அறிவதற்குக் குற்றத்தை மட்டும் அறிந்தால் போதாது, குற்றவாளியையும் அறிய வேண்டும். 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், தகுந்த வழக்குகளில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்க நீதிபதிக்கு அதிகாரம் அளித்து, அதற்குமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இருந்தால் அதைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. அந்த அறிக்கை அறைக்குள் அமர்ந்து எழுதக்கூடியதன்று. சைக்கிள் திருடியவனுடைய வீட்டைத் தேடிப் போய், அவன் தாயோடு திண்ணையில் உட்கார்ந்து, பள்ளியை ஏன் விட்டான், தகப்பன் எங்கே, அடுப்பு எத்தனை வேளை எரிகிறது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதவேண்டும். இந்த வித்யையின் பலன் படித்தவளுடைய வீட்டில் பாதியும், முகம் தெரியாத இன்னொருவருடைய வீட்டில் பாதியுமாக விளைகிறது. தகப்பனாரின் வலப் பக்கம் வெறுமையாகத் தோன்றியதற்கு அதுவே காரணம். அந்த மறுபாதியையும் தன் வரவாக எண்ணி மகிழ்கிற மனம் இருந்தால் இப்படிப்பு லாபமே. சம்பளம் ஒன்றே குறியானால் வேறு படிப்புகள் எத்தனையோ இருக்கின்றன.

பெண் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி சரத்தின் நுனியை வாழை நாரால் முடிந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்போ, இவ எழுதற காகிதத்தால ஒரு பிள்ளை ஜெயிலுக்குப் போகாம ஆத்துக்குத் திரும்பி வருவானா?”

“சில சமயம் வருவான், அம்மா.”

“அப்படின்னா பாவம் இல்லை,” என்றவள், மகன் பக்கம் திரும்பி, “பணக் கணக்கை நீ பாரு,” என்று சொல்லி, பூவைப் பேத்தியின் தலையில் வைத்தாள்.