க்ளெய்ம் ஃபார்ம்ல ஒரு சின்னப் பொய் எழுதலாமா?



கார் இருக்கற வீட்டுல இந்தக் கேள்வி எப்பவாவது வந்தே தீரும். வண்டியில ஏற்கெனவே ரெண்டு மூணு கீறல் இருக்கும். புதுசா ஒண்ணு விழும். சர்வீஸுக்குக் கொண்டு போனா அங்க இருக்கற அட்வைசர் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "எல்லாத்தையும் ஒரே க்ளெய்ம்ல போட்டுடலாங்க சார்"னு சொல்வார். வண்டி நின்னுட்டு இருந்தப்ப யாரோ பைக்ல வந்து இடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்.

இது தப்பா? தப்புன்னா யாருக்குச் செய்யற தப்பு? போன மாசம் எங்க வீட்டுல இது வந்தது. அன்னையிலிருந்து யோசிச்சிட்டு இருக்கேன், அதை இங்க எழுதறேன்.

எங்க வண்டி 2018 வேகன் ஆர். கோயம்புத்தூர்ல இருக்கோம். நான் ஆபீஸுக்கு பைக்ல போயிடுவேன், காரை ஓட்டறது பெரும்பாலும் அப்பாதான். பாலிசியும் அவர் பேர்லதான். வண்டியில மூணு அடி. இடது பக்க பின் கதவுல ஒரு டெண்ட், எங்க வீட்டு கேட் தூண்ல உரசினது. மூணு மாசம் கழிச்சு அதே தூண், அதே இடது பக்கம், இந்தத் தடவை ரன்னிங் போர்டு. கடைசியா முன் பம்பர். காந்திபுரம் சிக்னல்ல ஒரு காலேஜ் பையன் ஸ்கூட்டரை உள்ள விட்டுட்டான். இறங்கி நின்னு கண்ணு கலங்கிட்டான். அப்பா, "பாத்துப் போ சாமி"ன்னு அனுப்பிட்டார்.

பம்பரைக் காட்டத்தான் போனோம். அட்வைசர் மூணையும் சேர்த்தார். கதவுல இருந்த டெண்ட்ல லேசா துரு பிடிச்சிருந்தது. பழசுன்னு போட்டோல தெரிஞ்சிடுமேன்னு கேட்டேன். "அதெல்லாம் சாண்ட் பேப்பர் வெச்சு ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா புதுசாயிடுங்க"ன்னார். ரொம்ப நல்ல மனுஷன்தான். நமக்கு உதவி பண்றதாத்தான் அவர் நினைக்கறார்.

ஃபார்மை அப்பாகிட்ட நீட்டினார். அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு, முழுசாப் படிச்சுட்டு, "எந்த பைக்குங்க?"ன்னு கேட்டார். நிஜமாவே புரியாமக் கேட்டார். அட்வைசர் சிரிச்சார். அப்பா சிரிக்கல. நான், "இது வேண்டாங்க, பம்பரை மட்டும் பாருங்க, காசு நாங்களே கட்டிக்கறோம்"னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

முதல்ல காசு கணக்கு. இன்ஜினியர் புத்தி, கணக்குப் போடாம இருக்க முடியல. பம்பர் மட்டும் க்ளெய்ம் போட்டா லாபமே கிடையாது. பம்பர் பிளாஸ்டிக். அதுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஒவ்வொரு விபத்துக்கும் முதல் 1,000 ரூபாய் நம்மளுது. 6,000 ரூபாய் பில்லுல கைக்கு வர்றது சுமாரா 3,000. இன்னொரு பக்கம், க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காகக் கிடைக்கற நோ க்ளெய்ம் போனஸ் போயிடும். அது 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். 50ல இருக்கறவர் ஒரு தடவை க்ளெய்ம் போட்டா பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏறணும். அந்த அஞ்சு வருஷத்துல விட்டுப்போற தள்ளுபடியைக் கூட்டினா 50, 30, 25, 15, 5, ஆக 125 சதவீதம். ஓன் டேமேஜ் ப்ரீமியம் வருஷத்துக்கு 4,000ன்னு வெச்சுக்கிட்டா 5,000 ரூபாய் போகுது. 3,000 வாங்க 5,000 விடணும். அதனாலதான் எல்லாரும் பழைய கீறலையும் சேர்த்து "வசூல்" பண்ணப் பாக்கறாங்க.

ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம தப்புல நம்ம கேட்லயே இடிச்சாலும் ஓன் டேமேஜ் பாலிசி காசு கொடுக்கும். நிறைய பேருக்கு இது தெரியாது. 'நானே இடிச்சேன்'னு எழுதினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கன்னு பயந்து ஒரு பைக்காரனை உருவாக்கறாங்க. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா, குடிச்சுட்டு ஓட்டினா கிடைக்காது. கவனக்குறைவா இடிச்சா கிடைக்கும், அதுக்குத்தானே பாலிசியே. மூணு இடியையும் நடந்த அன்னைக்கே தனித்தனியா உண்மையா சொன்னாக்கூட, கூடுதலாப் போறது ரெண்டு தடவை 1,000, அவ்வளவுதான். ஒரே வருஷத்துல மூணு க்ளெய்ம்னாலும் போனஸ் ஒரு தடவைதான் பூஜ்யமாகும். ஆக அந்தப் பொய்யோட மொத்த விலை 2,000 ரூபாய்!

சரி, இப்ப தர்மக் கணக்குக்கு வருவோம். ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல இதைச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. "டேய், நீ என்ன பெரிய ஹரிச்சந்திரனா? கம்பெனி காசுதானேடா"ன்னான் ஒருத்தன். அவன் வருஷா வருஷம் ஹெச்.ஆர்.ஏ.வுக்கு மாமா பேர்ல வாடகை ரசீது கொடுக்கறவன். (படிக்கறவங்கள்ல பாதிப்பேர் இப்ப நெளிவீங்கன்னு தெரியும்.)

'கம்பெனி காசு'ன்னு ஒண்ணு கிடையாது, அது நம்ம எல்லாரும் கட்டின ப்ரீமியம்தான்னு சொல்லலாம். ஏலச்சீட்டு மாதிரி பத்துப் பேர் போட்டதை ஒருத்தர் எடுக்கறார். ஓன் டேமேஜ் ப்ரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கறாங்க, க்ளெய்ம் ஏறினா விலையும் ஏறும். இது சரியான வாதம்தான். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, என் மனசை இது அசைக்கல. லட்சக்கணக்கான பேர் பங்கு போட்டுக்கற 10,000 ரூபாய் யாரையும் வலிக்காது.

இன்னொருத்தன் சொன்னது இன்னும் பலமான வாதம். "அவங்க அங்க இங்க கழிச்சு நம்மளை ஏமாத்தறாங்க, நாம திருப்பி எடுக்கறோம்." தேய்மானம் கழிக்கறது பாலிசியிலயே எழுதியிருக்கு, அது ஏமாத்தறதுல சேராது. நிஜமாவே ஏமாத்தினா காசு செலவில்லாம இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். ஒருத்தன் நம்ம செருப்பை எடுத்துட்டான்னு கோயில் வாசல்ல அடுத்தவர் செருப்பை மாட்டிட்டு வர்ற நியாயம் இது.

அப்புறம் ஒரு அண்ணா திருக்குறளையே எடுத்துட்டு வந்தார். 30-வது அதிகாரம், வாய்மை. அதுல வள்ளுவர் முதல் குறள்லயே, யாருக்கும் தீங்கு தராததைச் சொல்றதுதான் வாய்மைங்கறார். அடுத்த குறள்ல, குற்றமில்லாத நன்மை வருமானா பொய்யும் வாய்மையோட இடத்துல வெக்கத்தக்கதுங்கறார். "யாருக்கும் கெடுதல் இல்ல, அப்பாவுக்குக் காசு மிச்சம். வள்ளுவரே ஓகேன்னுட்டார், உனக்கென்ன?"ன்னு கேட்டார்.

இந்தக் கேள்விதான் என்னை ரெண்டு நாள் தூங்க விடல. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்யா இது?

அந்த ஃபார்ம்ல 'விபத்து எப்படி நடந்தது'ன்னு ஒரு கட்டம் இருக்கு. பொய் அங்கதான் எழுதப்படுது. நான் வேலை செய்யறது சர்வர் பக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சிஸ்டம் விழுந்தா நாங்க முதல்ல பாக்கறது லாக். அதுல இருக்கற ஒவ்வொரு வரியும் என்ன நடந்ததுன்னு அப்படியே சொல்லணும். மேனேஜர் திட்டுவார்னு எவனாவது லாக்ல ஒரு வரியை மாத்தி வெச்சா, மேனேஜருக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த தடவை அது விழறப்ப காரணம் தெரியாம முழிக்கப்போறது அதே டீம்தான்.

எங்க வண்டியோட இடது பக்கமும் ஒரு லாக்தான். மூணு மாச இடைவெளியில ரெண்டு தடவை, ஒரே தூண், ஒரே பக்கம், ரெண்டும் பொழுது சாஞ்ச பிறகு. ஏழு வருஷமா அதே கேட்ல ராத்திரி பகல்னு உள்ள விட்ட மனுஷன் அவர். ரெண்டு தடவையும் அவரா யார்கிட்டயும் சொல்லல. வண்டி துடைக்கறப்ப அம்மாதான் பாத்தாங்க. கேட்டதுக்கு, "கேட் குறுகல் கண்ணு"ன்னார். டேப் வெச்சு அளந்தேன். கேட் 8 அடி. வண்டி அகலம் 5 அடிக்கும் குறைவு.

அந்த ஃபார்ம்ல கையெழுத்து விழுந்திருந்தா, வண்டி பளபளன்னு வந்திருக்கும். இடிச்சது ஒரு பைக்குன்னு பேப்பர்ல ஆகியிருக்கும். கொஞ்ச நாள்ல வீட்டுலயும் அப்படியே பேசியிருப்போம், ஏன்னா அதுதான் எல்லாருக்கும் வசதி. அப்பாவுக்கும் கௌரவம். இருட்டினா அவருக்கு ஏன் தூண் தெரியலங்கற கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டோம். அந்த அண்ணாகிட்ட இதைத்தான் சொன்னேன். குற்றமில்லாத நன்மைன்னு வள்ளுவர் கஷ்டமான கண்டிஷன் போட்டிருக்கார், இது அதுல பாஸ் ஆகாதுண்ணா. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கேட்ல அடுத்த தடவை ஒரு குழந்தை நின்னிருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்காம விட்டுட்டார்.

நம்ம பக்கத்துல வழக்கமா சொல்ற இன்னொரு காரணம் இருக்கு. திருஷ்டி. வண்டி எடுத்த அன்னைக்கு மருதமலையில பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கித்தான் வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தோம். பின் கண்ணாடியில வேல் ஸ்டிக்கர், டேஷ்போர்டுல பழனி விபூதி. கதவு டெண்டைப் பாத்ததும் அம்மா, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, முருகன் காப்பாத்தினான்"னாங்க. இதை நான் கேலி பண்ண மாட்டேன், எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஃபார்ம்ல எழுதற பைக்காரன் மாதிரி இது பொய்யும் இல்ல. ஆனா காப்பாத்தினான்னு சொன்னதோட அந்தப் பேச்சு எங்க வீட்டுல முடிஞ்சு போச்சு பாருங்க, அங்கதான் எனக்கு உறுத்துது. காப்பாத்தினவன் எதுக்குக் காப்பாத்தினான்? அடுத்த வேலையை நாம பாக்கட்டும்னு இருக்கலாம் இல்லையா?

அப்பாகிட்ட இதைச் சொல்றது ஃபார்ம்ல பொய் எழுதாம இருக்கறதைவிட கஷ்டம். எனக்கு சைக்கிள், அப்புறம் கார், ரெண்டும் ஓட்டக் கத்துக் கொடுத்தவர்கிட்ட உங்க கண்ணு சரியில்லன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு வாரம் சுத்தி வளைச்சேன். கடைசியில லைசென்ஸ்தான் கை கொடுத்தது. அடுத்த வருஷம் அவருக்குப் புதுப்பிக்கணும். 40 வயசு தாண்டினவங்க அதுக்கு டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கணும், அதுல கண் பார்வையும் வருது. "ஆளைப் பாக்காமலே சீல் போட்டுக் கொடுப்பாங்க, நான் ஏற்பாடு பண்றேன்"னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். பாருங்க, அதே பைக்காரன் வேற வேஷத்துல. அப்பா அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்து, "சனிக்கிழமை லீவு தானே? கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்"னார்.

இடது கண்ல புரை. வலது கண்ல இப்பத்தான் ஆரம்பம். எதிர்ல வர்ற வண்டி லைட் பட்டா கூசும், மங்கல் வெளிச்சத்துல தூணும் சுவரும் ஒண்ணாத் தெரியும்னு டாக்டர் சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினார். ஆறேழு மாசமா அவருக்குத் தெரிஞ்சிருக்கு. திரும்பி வர்றப்ப வண்டியை நான் ஓட்டினேன். வழி பூரா கிரிக்கெட் பத்திப் பேசிட்டே வந்தார்.

தை பிறந்ததும் ஆபரேஷன். பம்பருக்கு 6,000 ரூபாய் கைக்காசு போச்சு. கதவையும் ரன்னிங் போர்டையும் வெளிய ஒரு டிங்கரிங் பட்டறையில காட்டினேன். டெண்ட் எடுத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடிக்க பாதி விலைதான் சொன்னார். "இப்ப வேண்டாம், கண்ணு சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னுட்டார் அப்பா. துரு பரவக்கூடாதுன்னு அதுமேல ப்ரைமர் மட்டும் அடிச்சு வெச்சிருக்கேன். பழுப்பா, பாக்க அசிங்கமா இருக்கு.

அம்மா இன்னும் திருஷ்டின்னுதான் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை வண்டிக்குப் புது எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. சாயங்காலம் ஆறு மணியானா சாவி மட்டும் என் மேஜைக்கு வந்துடுது. யார் வெக்கறாங்கன்னு நான் கேட்கல.