அது அவருடைய பாவமா?



சபைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "ஆக்சிடெண்ட்டுக்கு அப்புறம் அந்தப் பிரதர் ரொம்ப மாறிட்டார். வாயைத் திறந்தாலே கோபம். ஆராதனைக்கும் வர்றதில்லை. பின்வாங்கிப் போயிட்டார்." இப்படிச் சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனாலும் கேட்கிறேன்: தலையில் அடிபட்ட மனுஷன் கோபத்தில் மனைவியைத் திட்டினால், அது அவருடைய பாவமா?

1848-ஆம் வருஷம் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஃபினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரியின் கன்னத்தில் ஓர் இரும்புக் கம்பி பாய்ந்து, மண்டையைத் துளைத்து வெளியே போயிற்று. வெடிமருந்து விபத்து. பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுப்புள்ளவராயிருந்தவர் கெட்ட வார்த்தை பேசுகிறவராய், பொறுமையற்றவராய் மாறினதை வைத்தியம் பார்த்த டாக்டரே எழுதிவைத்தார். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதிதான் நம் கோபத்துக்குக் கடிவாளம். கடிவாளம் அறுந்தபின் வண்டிக்காரனை மட்டும் குற்றம் சொல்லலாமா?

அதே கேஜ் பிற்பாடு சிலி தேசத்தில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே வேலை, ஒரே ஒழுங்கு. அதுவே அவரை ஓரளவு நிலைப்படுத்தியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் எண்ணுகிறார்கள்.

இத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. மூளைதான் காரணம் என்றால் அவர் மேலுள்ள குற்றம் நீங்கும். தினமும் அந்த வார்த்தைகளைக் கேட்கிற மனைவியின் காயம் நீங்குமா? "அவர் வேணும்னு பேசலைம்மா, பொறுத்துக்கோ" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டு நாம் வந்துவிடுகிறோம். அவளுக்கு எழுந்துபோக இடமில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கின "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. நல்ல காரியம். மூளைக் காயமோ 48 மாதமானாலும் சிலரை விடுவதில்லை. அந்த மாதங்கள் யாருடைய பங்கு? சபையின் பங்கு என்று துணிந்து சொல்லுவேன்.

ஜெபிக்க வேண்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் வலிப்பு வந்தால் பிசாசு என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லாதிருங்கள். தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வருவதுண்டு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆராதனைக்கு வராதவரெல்லாம் பின்வாங்கினவரும் அல்ல. நம் டிரம்ஸும் கீபோர்டும் ஸ்பீக்கரும் அடிபட்ட மூளைக்குத் தாங்காமல் போகலாம். (சில ஞாயிறுகளில் நல்ல மூளைக்கே தாங்குவதில்லை!) ஸ்பீக்கருக்குத் தூரமாய், வாசலருகே ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்துவந்து கூரையைப் பிரித்த நாலு பேரை நினையுங்கள். ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை. நாலு பேர் தூக்கினதை நம் சகோதரிகள் ஒருத்தியாய்த் தூக்குகிறார்கள்.

நம் சபையில் ஒரு வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு இரண்டு சகோதரர்கள் போய், பன்னிரண்டு வரை அவரோடு இருக்கிறார்கள். முதல் செவ்வாயன்று அந்த அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்து அறையில் படுத்துத் தூங்கினார்கள்.

இன்னும் ஆள் வேண்டும். போகிறவர்கள் நேரம் தவறக் கூடாது. சத்தமாய்ப் பேசவோ புத்திசொல்லவோ வேண்டாம். சொன்ன கதையையே அவர் மறுபடியும் சொல்லுவார். முதல் தடவை போலக் கேளுங்கள். ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.